கொடுத்து வைத்தவர்கள்

"ஆற்றங்கரையிலேயே பிழைப்பு. நீங்களெல்லாம் கொடுத்து வைத்தவர்கள் அம்மா." மே மாதத்தின் அந்த ஒரு வாரத்தில் இந்தப் பேச்சைப் பலர் வாயிலாகக் கேட்டேன். சேலத்திலிருந்து வேனில் வந்த ஆசிரியர் ஒருவர் சொன்னார். ஓசூரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்த இளைஞர்கள் சொன்னார்கள். தலை முதல் கால் வரை எண்ணெய் வழிய, துண்டோடு நின்றுகொண்டு மீன் வெந்துவிட்டதா என்று பார்க்க வந்த பெரியவர் ஒருவரும் சொன்னார். யாரும் குத்தலாகச் சொல்லவில்லை. மனம் குளிர்ந்துதான் சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் என் சின்னம்மா "ஆமாம் சாமி" என்று சொல்லிவிட்டு, அடுப்பில் விறகைத் தள்ளினாள். எனக்குத்தான் அந்த வார்த்தை தொண்டையில் மீன் முள்ளாக நின்றது. ஊருக்குத் திரும்பி மாதங்கள் ஆகியும் அது கீழே இறங்கவில்லை.

ஒகேனக்கல்லுக்கு வந்தவர்களுக்கு இந்தத் தொழில் தெரிந்திருக்கும். நுழைவாயில் பக்கத்துக் கடைகளில் கட்லாவோ ரோகுவோ வாளையோ வாங்கி, அங்கேயே வெட்டிச் சுத்தம் செய்து கொண்டுவந்தால், கரையோரத்தில் பெண்கள் சமைத்துக் கொடுப்பார்கள். குடும்பம் பரிசலில் போய், அருவியில் குளித்து, பசியோடு திரும்புவதற்குள் சோறும் குழம்பும் வறுவலும் தயாராக இருக்கும். கிலோ கணக்கில் கூலி. சின்னம்மா இருபது ஆண்டுகளுக்கு மேலாக இதைச் செய்கிறாள். பென்னாகரத்தை ஒட்டிய எங்கள் ஊரிலிருந்து காலை முதல் பஸ்ஸில் இறங்கி, இருட்டிய பிறகு ஏறுவாள். சென்ற கோடையில் அவளுடைய வலது தோள் பிடித்துக்கொண்டது. அண்டாவைத் தூக்க முடியவில்லை. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான், விடுமுறை கிடைக்கவில்லை. "ஒரு வாரம் கை கொடுக்கிறாயா கண்ணு?" என்று போனில் கேட்டாள். பெங்களூரில் கணக்கர் வேலை பார்க்கும் நான், தாய் இறந்த பிறகு எனக்குத் தலை பின்னிவிட்ட அந்தக் கைக்காக ஒரு வாரம் விடுப்புப் போட்டுவிட்டு வந்தேன்.

மூன்று கல் அடுப்பு

அந்த ஏழு நாட்களை எப்படிச் சொல்வது? அக்னி நட்சத்திரம். பாறை காலை ஒன்பது மணிக்கே கால் வைக்க முடியாமல் சுடும். பாறைக்கு மேலே வெயில், கீழே மூன்று கல் அடுப்பின் அனல். திங்கள், செவ்வாயில் கூட்டம் ஓரளவு மட்டுப்படும். வியாழக்கிழமையிலிருந்து மலைப்பாதையில் வண்டிகள் வரிசை கட்டும். சனி, ஞாயிறில் சோதனைச் சாவடியிலிருந்தே ஹாரன் சத்தம். தமிழ், கன்னடம், தெலுங்கு எல்லாம் கலந்து ஒலிக்கும். எண்ணெய் தேய்ப்பவர்கள் முதுகில் தட்டும் தாளம் ஒரு பக்கம், பரிசல் துறையில் ஆள் சேர்க்கும் குரல் ஒரு பக்கம். பரிசலைக் கவிழ்த்துத் தலைமேல் வைத்துக்கொண்டு ஆள் நடந்து வரும்போது, பெரிய ஆமை ஒன்று நிமிர்ந்து நடப்பதுபோல் இருக்கும். குழந்தைகள் அதைப் பார்த்துக் கூச்சலிடுவார்கள்.

சின்னம்மாவின் சமையலில் ரகசியம் ஒன்றும் கிடையாது, ஆனால் ஒழுங்கு உண்டு. புளி எங்கள் வீட்டு மரத்துப் புளி. பழுப்பு நிறம் மாறாமல் உப்பில் அடைத்து வைத்தது, முதல் நாள் இரவே ஊறப்போட்டுவிடுவாள். மிளகாயும் மல்லியும் வீட்டில் வறுத்து மில்லில் அரைத்தவை. சின்ன வெங்காயத்தை உரிக்க மாட்டாள். தோலோடு நசுக்கி, தோலை ஊதித் தள்ளுவாள். குழம்பு கொதித்து எண்ணெய் மேலே மிதக்கும்வரை மீனைப் போடமாட்டாள். போட்ட பிறகு கரண்டி விடக்கூடாது. அண்டாவின் இரண்டு காதுகளையும் துணியால் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றுவாள், அவ்வளவுதான். அந்தச் சுற்றைத்தான் அவளுடைய தோளால் இப்போது செய்ய முடியவில்லை. நான் சுற்றியபோது முதல் நாள் கட்லாத் துண்டுகள் உடைந்தன. அன்றைக்கு வந்த குடும்பத்திடம் அவள் கூலியைக் குறைத்து வாங்கினாள். அவர்கள் கேட்கவில்லை, அவளாகவே குறைத்தாள்.

இந்த இரண்டு மாதம்தான் அவளுக்கு ஆண்டு. ஏப்ரல் நடுவிலிருந்து பள்ளி திறக்கும்வரை சம்பாதிப்பதுதான் பேத்தியின் பள்ளிச் செலவும் வீட்டுக் கடனும். அப்புறம் கர்நாடகத்தில் மழை பிடித்து, கபினியும் கிருஷ்ணராஜ சாகரும் திறந்தால், எல்லையில் நீர்வரத்தை அளக்கும் பிலிகுண்டுலுவில் எத்தனை கனஅடி என்று செய்தியைக் கேட்டுக்கொண்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான். தண்ணீர் ஏறினால் பரிசலுக்கும் குளியலுக்கும் தடை வந்துவிடும். தடை சரிதான், அந்த வேகத்தில் பரிசல் விட்டால் உயிர் தங்காது. ஆனால் தடை நாளில் அடுப்பு எரியாது. 2024 இல் கோடையில் ஆறு வற்றிப் பாறையாகக் கிடந்தது, கூட்டம் வரவில்லை. ஜூலைக் கடைசியில் லட்சம் கனஅடிக்கு மேல் பாய்ந்து, 30 ஆம் தேதி மேட்டூர் அணை 120 அடியைத் தொட்டது. டெல்டாவில் மகிழ்ந்தார்கள், நானும் தொலைக்காட்சியில் பார்த்து மகிழ்ந்தேன். சின்னம்மாவுக்கு அந்த ஆண்டு இரண்டு பக்கமும் அடி. ஆறு வற்றினாலும் பிழைப்பு இல்லை, பெருகினாலும் இல்லை. நடுவில் ஓர் அளவு இருக்கிறது, அந்த அளவில் ஆறு ஓடினால்தான் அவள் வீட்டில் உலை கொதிக்கும்.

பள்ளத்தில் ஓடும் ஆறு

ஆனால் என் தொண்டையில் நின்ற முள் கூலியைப் பற்றியது இல்லை. அது தண்ணீரைப் பற்றியது.

காவிரி தமிழ்நாட்டுக்குள் காலெடுத்து வைப்பது எங்கள் பக்கம்தான். ஆனால் அது பள்ளத்தில் ஓடுகிறது, நாங்கள் மேட்டில் இருக்கிறோம். பென்னாகரத்திலிருந்து பஸ் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி இறங்கித்தான் ஆற்றைத் தொடுகிறது. தண்ணீர் அந்த வளைவுகளில் ஏறி வராது. உபரிநீரையாவது மேலேற்றி எங்கள் மாவட்டத்து ஏரிகளை நிரப்புங்கள் என்று விவசாயிகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஆற்றுச் சத்தம் கேட்கும் தூரத்தில் பிறக்கவில்லை என்றாலும், அரை மணி பஸ் தூரத்தில் பிறந்த நான், என் குழந்தைப் பருவம் முழுக்கக் குடித்தது அடிகுழாய்த் தண்ணீர். கிணறு வற்றியது, போர் போட்டார்கள். போர் வற்றியது, இன்னும் ஆழமாகப் போட்டார்கள். ஆழத்தில் கருங்கல்லுக்கு இடையே நெடுங்காலம் தேங்கிக் கிடக்கும் தண்ணீரில் கல்லிலிருந்து ஃபுளோரைடு கரைந்து சேர்கிறது. ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் குடிக்க ஆகாது என்பது கணக்கு. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் அந்தக் கணக்கைத் தாண்டிய ஊர்கள் ஏராளம். நிறமில்லை, நாற்றமில்லை. குடித்தால் நன்றாகவே இருக்கும்.

அது முதலில் பல்லில் தெரியும். குழந்தையின் தாடைக்குள் பல் உருவாகிக்கொண்டிருக்கும் காலத்தில், சுமார் எட்டு வயதுவரை, இந்தத் தண்ணீரைக் குடித்தால், முளைக்கும்போதே பல் சுண்ணாம்புத் திட்டுகளோடு முளைக்கும். பிறகு மஞ்சளாகும், பழுப்பாகும், சிலருக்கு அரித்தாற்போல் குழி விழும். தேய்த்தால் போகாது. நாங்கள் தேய்த்துப் பார்த்தோம். கரித்தூள், உப்பு, எலுமிச்சை, செங்கல் பொடி. ஈறு ரத்தம் வந்ததே தவிரக் கறை போகவில்லை. எங்கள் ஐந்தாம் வகுப்புக் குழுப் படத்தில் நாற்பது பிள்ளைகள் இருக்கிறோம். ஒரு பிள்ளையின் பல்கூடத் தெரியாது. படம் எடுத்தவர் "சிரியுங்கள், சிரியுங்கள்" என்று கத்தியது இன்னும் காதில் இருக்கிறது.

சேலத்தில் கல்லூரி விடுதியில் சேர்ந்த முதல் வாரம், அறைத் தோழி ஒருத்தி தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "நீ புகையிலை போடுவாயா?" அந்தக் காலத்தில் சின்னம்மாவைப் பெண் பார்க்க வந்தவர்கள் அவளிடம் பேச்சுக் கொடுத்துச் சிரிக்க வைத்துப் பார்த்தார்களாம். இரண்டு இடம் அப்படித் தட்டிப்போனது. மூன்றாவது இடத்துக்காரர் எங்கள் பக்கத்து ஊர். அவருக்கும் அதே பல், அதனால் கல்யாணம் முடிந்தது. இதை அவள் வேடிக்கைக் கதையாகத்தான் சொல்வாள். சொல்லும்போது இடது கை தானாக வாயை மூடும். அவள் பிறந்ததிலிருந்தே அந்தக் கை அங்கேதான் இருக்கிறது என்று சிறுவயதில் நான் நினைத்திருக்கிறேன்.

கீழே அருவியில் ஊரே குளித்துக்கொண்டிருந்த அந்தப் பல ஆண்டுகளில், மேலே இப்படி இருந்தது. காவிரியிலிருந்து எடுத்துச் சுத்திகரித்து இரண்டு மாவட்டங்களுக்கும் அனுப்பும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008 இல்தான் அடிக்கல் நாட்டினார்கள். அதற்கும் எல்லைக்கு அப்பாலிருந்து எதிர்ப்பு கிளம்பியது. ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு வேலை நடந்து, 2013 இல் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. அதற்குள் எனக்குப் பல் முளைத்து, கறைபட்டு, வேலையும் கிடைத்து, முதல் இரண்டு ஆண்டுச் சேமிப்பில் முன்பற்கள் ஆறுக்கும் பீங்கான் உறை போட்டாயிற்று. பெங்களூர்ப் பல் மருத்துவர் அதைக் 'கேப்' என்றார். உறை போட்ட அன்று ஆட்டோவில் வரும்போது கண்ணாடியைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தேன். அந்த மகிழ்ச்சியை இன்றும் நான் தப்பென்று சொல்லமாட்டேன்.

சனிக்கிழமை மதியம்

சனிக்கிழமை ஒரே நேரத்தில் நான்கு குடும்பத்துக்குச் சமைத்தோம். மூன்றாவது அடுப்பு ஒரு பெங்களூர்க் குடும்பத்துடையது. தாத்தா, இரண்டு மகன்கள், மருமகள்கள், நான்கைந்து பிள்ளைகள். இளைய மருமகளுக்கு என் வயது இருக்கும். டிரைவரிடம் கன்னடம், பிள்ளைகளிடம் ஆங்கிலம், எங்களிடம் தமிழ். வெயில் கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்திருந்தாள். "ஆறு பக்கத்திலேயே இருக்கிறது, கொடுத்து வைத்தவர்கள்" என்ற பேச்சை அவளுடைய மாமனார் தொடங்கினார். சின்னம்மா வழக்கம்போல் "ஆமாம் சாமி" என்றாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு இலை கழுவினேன்.

சாப்பாடு பரிமாறும்போது அந்த இளைய மருமகளின் மகன், நான்கு வயது இருக்கும், மீனின் தலையை எடுத்துத் தன் முகத்துக்கு நேராகப் பிடித்து, வாயைத் திறந்து திறந்து மூடி மீன் பேசுவதுபோல் பேசினான். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்த கணத்தில் அவளுடைய இடது கை மேலே போனது. விரல்கள் சேர்ந்து, கொஞ்சம் வளைந்து, மேலுதட்டைத் தொட்டும் தொடாமலும் நின்றன. முகத்தைச் சற்றே இடப்பக்கம் திருப்பினாள்.

சின்னம்மாவின் கரண்டி குழம்பு சொட்டச் சொட்ட அப்படியே நின்றது.

"எந்த ஊர் கண்ணு?"

"பெங்களூர் அம்மா."

"அது இருக்கிற ஊர். பிறந்த ஊர்?"

அவள் கையை எடுக்காமலே சொன்னாள். "பாலக்கோடு. மாரண்டஅள்ளிப் பக்கம்."

சின்னம்மா கரண்டியை அண்டாவில் போட்டாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, இத்தனை ஆண்டுகளில் வெளியாள் முன்னால் நான் பார்த்திராத ஒன்றைச் செய்தாள். கையை மடியில் வைத்துக்கொண்டு, வாயைத் திறந்து, பற்கள் எல்லாம் தெரியச் சிரித்தாள். நடுப்பல் இரண்டும் புளியங்கொட்டை நிறம். அந்தப் பெண் பார்த்தாள். பார்த்துவிட்டு அவளும் கையை இறக்கினாள். அவள் மாமனாரும் மூத்த மருமகளும் ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். "கிணறா, போரா?" என்று சின்னம்மா கேட்டாள். "போர். நான் பிறந்த வருடம் போட்டது" என்றாள் அவள். "அப்பாவுக்கு இப்போது கழுத்துத் திரும்பவில்லை, முதுகும் நிமிரவில்லை. அதுவும் இந்தத் தண்ணீரால்தான் என்று டாக்டர் சொல்கிறார்." சின்னம்மா தன் தோளைத் தொட்டுக்கொண்டாள். அவளுடைய தோள் அதனாலா, இருபது ஆண்டு அண்டா தூக்கியதாலா என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. வட்டிலில் இன்னொரு துண்டு வறுவல் விழுந்தது. பிறகு இருவரும் ஊர் ஊராகப் பேசினார்கள். எந்த ஊரில் யார் வீட்டில் பெண் எடுத்தார்கள், எந்த ஊர்த் தண்ணீர் பரவாயில்லை, எந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக் கால் வளைந்தது என்று. பத்து நிமிடம் இருக்கும். மற்ற மூன்று அடுப்பையும் நான்தான் பார்த்துக்கொண்டேன்.

நான் ஓரடி தூரத்தில்தான் நின்றேன். "நானும் இந்த ஊர்தான்" என்று சொல்ல வாயெடுத்தேன். என் முன்பற்கள் விளக்கொளிபோல் வெள்ளையாக இருக்கின்றன. அந்தப் பெண் என்னைப் பார்த்துப் பொதுவாகச் சிரித்தாள், வாய் மூடிய சிரிப்பு, வெளியாளுக்குரியது. நான் வாயை அகலமாகத் திறந்து கடைவாய்ப் பற்களைக் காட்டியிருக்கலாம். அவற்றுக்கு உறை போடவில்லை, அவை இன்னும் பழுப்பாகத்தான் இருக்கின்றன. காட்டவில்லை. அடுப்பை ஊதினேன்.

கறையை நான் கொண்டாடப் போவதில்லை. அது அடையாளமும் இல்லை, பெருமையும் இல்லை. ஒரு தலைமுறைக்கு உரிய நேரத்தில் நல்ல தண்ணீர் கொடுக்காமல் விட்டதன் தழும்பு. அதை மறைக்க வசதி உள்ளவர்கள் மறைத்துக்கொள்வதில் தவறும் இல்லை. ஆனால் அன்று மதியம்வரை என் கோபம் முழுதும் வெளியூர்க்காரர்கள் மேல்தான் இருந்தது, எங்கள் தண்ணீர்க் கதை தெரியாமல் 'கொடுத்து வைத்தவர்கள்' என்கிறார்களே என்று. நானே அந்தக் கதையை எங்கேயும் சொன்னதில்லை என்பது அந்த அடுப்புப் புகையில்தான் உறைத்தது. பத்து ஆண்டுகளாக அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. சொந்த ஊர் எது என்று கேட்டால் "ஒகேனக்கல் பக்கம்" என்பேன். "அடடே, அருவி! கொடுத்து வைத்தவள்" என்பார்கள். நானும் ஆமாம் என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

இரவு கடைசி பஸ்ஸில் கேட்டேன். "நீ ஏன் சின்னம்மா எல்லோரிடமும் ஆமாம் சாமி என்கிறாய்?" ஜன்னலோரம் சாய்ந்திருந்தவள் கண் திறக்கவில்லை. "ஆண்டுக்கு ஒரு நாள் பிள்ளை குட்டியோடு வருகிறார்கள். சாப்பிட உட்கார்ந்தவரிடம் போர்த் தண்ணீர்க் கதையா சொல்வது? அந்தப் பெண்ணிடம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவளுக்கே தெரிந்திருந்தது." யானை கடக்கும் இடம் என்று டிரைவர் வேகத்தைக் குறைத்தார். விளக்கொளியில் மூங்கில் புதர் மட்டும் அசைந்தது.

ஊரில் இப்போது பேச்சு வழக்கே மாறியிருக்கிறது. குழாயில் வருவதை 'ஒகேனக்கல் தண்ணீர்' என்கிறார்கள். குடிக்க ஒகேனக்கல் தண்ணீர், புழங்கப் போர்த் தண்ணீர். சின்னம்மா வீட்டில் குடிநீர்க் குடத்துக்குத் தட்டும், தட்டின் மேல் கவிழ்த்த சொம்பும் உண்டு. வேறு யாரும் அதில் கை விடக்கூடாது. ஆனால் குழாய் தினமும் வருவதில்லை. நாள் தள்ளிப்போனால் ஊர்த் தொட்டியில் இரண்டையும் கலந்து விட்டுவிடுவதும் உண்டு. அதைச் சுவையிலேயே கண்டுபிடிப்பேன் என்கிறாள். முடியுமா என்று தெரியவில்லை, ஆனால் அந்த நாட்களில் பேத்திக்கு அதைக் கொடுக்காமல் கேன் தண்ணீர் வாங்குகிறாள், மூன்று கல் அடுப்பின் முன் உட்கார்ந்து சம்பாதித்த காசில். திட்டத்தின் இரண்டாம் கட்டத்தை அறிவித்திருக்கிறார்கள். அது சீக்கிரம் வரவேண்டும் என்று கேட்பதற்கு எனக்கு உரிமை இருக்கிறது, என் கடைவாயில் அந்த உரிமை இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை இரவு நான் பெங்களூருக்குக் கிளம்ப வேண்டும். பை கட்டிக்கொண்டிருந்தபோது பேத்தி ஓடிவந்தாள். 2014 இல் பிறந்தவள், பதினொரு வயது. "அத்தை, எனக்குப் பின்னால் புதுப் பல் வந்திருக்கிறது" என்று வாயைத் திறந்தாள். பால்பல் விழுந்து முன்பல் முளைத்த காலத்தில், சின்னம்மா தினம் இரவு அவளை மடியில் படுக்கவைத்து டார்ச் அடித்துப் பார்ப்பாளாம், நெல்லில் கல் பொறுக்குவதுபோல். இப்போது சின்னம்மாவுக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை. "நீ பார்" என்றாள் என்னிடம். செல்போன் விளக்கைப் போட்டேன். மாங்காயும் மிளகாய்த்தூளும் மணக்கும் வாய். ஈறைக் கிழித்துக்கொண்டு கடைசியில் ஒரு முனை மட்டும் எட்டிப் பார்த்தது.

"வெள்ளையாக இருக்கிறதா?"

"வெள்ளையாகத்தான் இருக்கிறது சின்னம்மா."

"நன்றாகப் பார். திட்டு கிட்டு இருக்கிறதா?"

விளக்கை இன்னும் பக்கத்தில் கொண்டுபோனேன். பிள்ளை கண்ணை இறுக மூடிக்கொண்டு, அசையாமல், வாயைத் திறந்தபடி இருந்தாள். நான் மறுபடியும் பார்த்தேன்.